சங்கத்துச் செய்தி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர: நாட்காட்டியிலிருந்து நிகழ்ச்சி வரை

கூட்டம் மாலை 5 மணிக்கு என்று வாட்ஸ்அப்பில் இருக்கும். அறிவிப்புப் பலகையில் 5.30. செயலாளரைத் தொலைபேசியில் கேட்டவருக்கு 6 என்று பதில் போயிருக்கும். மூன்று பேர் மூன்று நேரத்துக்கு வந்து நிற்பார்கள். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒரே கூட்டத்தின் நேரத்தை மூன்று பேர் மூன்று இடத்தில் தனித்தனியாக எழுதியதுதான் கோளாறு. குடியிருப்போர் சங்கம் பெரிதாகப் பெரிதாக இந்தக் கோளாறும் பெருகும். ஆகையால் செய்தி இதழ், வாட்ஸ்அப் குழு, பேனர் எதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

நாட்காட்டி ஒன்று, பொறுப்பாளர் ஒருவர்

சங்கத்துக்கு ஒரே ஒரு நாட்காட்டி இருக்க வேண்டும். கூகுள் ஷீட்டோ நோட்டுப் புத்தகமோ, எதுவானாலும் சரி. அதில் எழுதவும் திருத்தவும் ஒருவருக்கு மட்டும் உரிமை. மற்றவர்கள் பார்க்கலாம், படியெடுக்கலாம். பொறுப்பாளர் ஊரில் இல்லாத நாட்களுக்கு ஒரு மாற்று ஆளையும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட வேண்டும்.

ஒவ்வொரு பதிவிலும் தேதி, கிழமை, தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம், பொறுப்பேற்றவர், நிலை, கடைசியாகத் திருத்திய நாள் என்று எட்டுக் கட்டங்கள் போதும். இவற்றில் பலரும் விட்டுவிடுவது ‘நிலை’. அதில் நான்கே சொற்கள்தான் வர வேண்டும்: யோசனை, உறுதி, மாற்றம், ரத்து. இடம் கிடைத்துவிட்டது, நேரம் முடிவாகிவிட்டது, ஒருவர் பொறுப்பேற்றுவிட்டார் என்ற மூன்றும் நிறைவேறிய பிறகே ‘யோசனை’ என்பது ‘உறுதி’ ஆகலாம். செயற்குழுவில் பேச்சோடு பேச்சாக வந்த யோசனை அன்றிரவே செய்தியாகப் பரவி, பிறகு மண்டபம் கிடைக்காமல் தள்ளிப்போய், ‘சொன்னால் செய்ய மாட்டார்கள்’ என்ற பெயரை வாங்கித் தருவது இந்த ஒரு கட்டம் இல்லாததால்தான்.

ஆண்டுத் தொடக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, அசைக்க முடியாதவற்றை முதலில் குறியுங்கள்: ஆண்டுப் பொதுக்கூட்டம், செயற்குழுக் கூட்டங்கள், சந்தா கடைசி நாள், கணக்குத் தணிக்கை, தண்ணீர்த் தொட்டி கழுவும் நாட்கள். அடுத்து, நிகழ்ச்சி வைக்கக் கூடாத நாட்களை அடித்துவிடுங்கள்: பள்ளித் தேர்வுக் காலம், நீண்ட விடுமுறை, கனமழை மாதம். மீதியில்தான் நிகழ்ச்சிகளுக்கு இடம். இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே மூன்று வாரமாவது விடுங்கள். எந்தச் சங்கத்திலும் இழுத்துப்போட்டு வேலை செய்பவர்கள் ஐந்தாறு பேர்தான். அடுத்தடுத்து வைத்தால் இரண்டாவது நிகழ்ச்சிக்கு அவர்களும் இருக்க மாட்டார்கள்.

பொதுக்கூட்டத் தேதியைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். எத்தனை நாள் முன்பு அறிவிப்புத் தர வேண்டும் என்பது சங்கத்தின் துணைவிதிகளில் இருக்கும். ‘14 முழு நாட்கள்’ என்று இருந்தால், அறிவிப்புக் கிடைத்த நாளும் கூட்டம் நடக்கும் நாளும் கணக்கில் வராது. 20-ஆம் தேதி கூட்டம் என்றால் 6 முதல் 19 வரை 14 நாட்கள். அறிவிப்பு 5-ஆம் தேதிக்குள் கைக்குப் போயிருக்க வேண்டும். 6-ஆம் தேதி கொடுத்துவிட்டு ‘14 நாள் ஆகிவிட்டதே’ என்று வாதாடுவதில் பயனில்லை. அந்தக் கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானத்தை ஒருவர் எதிர்த்துக் கேட்டால் சங்கத்திடம் பதில் இருக்காது. கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற ‘கோரம்’ எண்ணையும் அப்போதே கணக்குப் பார்த்துவையுங்கள். 120 உறுப்பினர், மூன்றில் ஒரு பங்கு என்றால் 40 பேர். கடந்த கூட்டத்துக்கு 32 பேர்தான் வந்தார்கள் என்றால், இந்த முறை வீடு வீடாகப் போய்ச் சொல்லும் வேலையை இப்போதே யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும்.

அறிவிப்பை எழுதுவது

சங்க அறிவிப்புகள் வழக்கமாக இப்படி இருக்கும்:

“அன்பார்ந்த உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நமது சங்கத்தின் சார்பில் வருகின்ற ஞாயிறு அன்று மரம் நடும் நிகழ்ச்சி சிறப்பாக நடைபெற இருப்பதால், அனைவரும் தவறாது கலந்துகொண்டு சிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இப்படிக்கு, நிர்வாகம்.”

மரியாதையில் குறைவில்லை. ஆனால் எங்கே, எத்தனை மணிக்கு, எதைக் கொண்டு வர வேண்டும், யாரைக் கேட்பது என்று ஒன்றும் தெரியாது. இதை இப்படி மாற்றலாம்:

“மரம் நடுதல். ஞாயிறு, 14 ஜூன் 2026, காலை 7 முதல் 9 வரை. இடம்: மூன்றாம் குறுக்குத் தெருப் பூங்கா, கிழக்கு வாசல். 20 பேர் தேவை. சிறுவர்கள் பெரியவர்களோடு வரலாம். கையுறை, மண்வெட்டி சங்கம் தரும். குடிக்கத் தண்ணீர் நீங்கள் கொண்டு வாருங்கள். மழை பெய்தால் அடுத்த வாரம், ஞாயிறு 21 ஜூன், அதே நேரம். கேள்விகளுக்கு: பூங்காக் குழுப் பொறுப்பாளர்.” கடைசியில் அவர் பெயரும் எண்ணும்.

முதல் வரியிலேயே என்ன, என்றைக்கு என்பது வந்துவிட வேண்டும். கைபேசித் திரையின் மேலே எட்டிப்பார்க்கும் அறிவிப்பில் முதல் ஒன்றிரண்டு வரிதான் தெரியும். அங்கே ‘அன்பார்ந்த உறுப்பினர்கள் அனைவருக்கும்’ என்று இருந்தால் பலர் திறக்கவே மாட்டார்கள். வணக்கத்தைக் கடைசியில் வையுங்கள், குறைந்து போகாது.

‘வருகிற ஞாயிறு’, ‘அடுத்த ஞாயிறு’ இரண்டையும் அறவே விட்டுவிடுங்கள். வியாழக்கிழமை ‘அடுத்த ஞாயிறு’ என்றால் சிலருக்கு மூன்று நாள், சிலருக்குப் பத்து நாள். ‘நாளை’ இன்னும் மோசம். செய்தி மறுநாள் ஒருவர் கைக்கு வரும்போது அந்த ‘நாளை’ வேறு நாளாகிவிடும். தேதியும் கிழமையும் இரண்டுமே இருக்க வேண்டும். ஒன்று தப்பினால் மற்றது காட்டிக்கொடுக்கும். போன மாத அறிவிப்பை நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றி, கிழமையை மறந்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அனுப்பும் முன் நாட்காட்டியில் விரலை வைத்துப் பாருங்கள்.

12 மணி என்பது தனித் தொல்லை. ‘பகல் 12’ என்றால் யாருக்கும் குழப்பமில்லை. ‘14-ஆம் தேதி இரவு 12 மணிக்குத் தண்ணீர் நிறுத்தப்படும்’ என்றால் அது 13 முடிந்து 14 பிறக்கும் நேரமா, 14 முடியும் நேரமா? ‘சனி 13 ஜூன் இரவு 11.55 முதல்’ என்று ஐந்து நிமிடம் முன்னதாக எழுதினால் கேள்வியே எழாது.

தண்ணீர், மின்சாரம், சாலை வேலை போன்ற சேவை அறிவிப்புகளில் கூடுதலாக நான்கு செய்திகள் வேண்டும்: எந்தெந்தத் தெரு, எப்போது முதல் எப்போது வரை, வீட்டில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும், அடுத்த செய்தி எப்போது வரும். கடைசியாகச் சொன்னதுதான் தொலைபேசி அழைப்புகளைக் குறைக்கும். வேலை எப்போது முடியும் என்று தெரியாவிட்டாலும், ‘மாலை 4 மணிக்கு நிலவரம் சொல்கிறோம்’ என்று எழுதலாம். எழுதினால் 4 மணிக்குச் சொல்லியே ஆக வேண்டும், சொல்வதற்கு ஒன்றும் இல்லையென்றாலும். குழாய் வேலைக்குப் பிறகு முதலில் கலங்கலாக வரும் தண்ணீரைத் தெளியும்வரை திறந்துவிட வேண்டும் என்பதையும் அதே அறிவிப்பில் சேர்த்துவிடுங்கள்.

எந்த வழியாக அனுப்புவது

வாட்ஸ்அப்பில் இரண்டு குழுக்கள் தேவை. ஒன்று அறிவிப்புக்கு மட்டும்: அமைப்பில் ‘அட்மின்கள் மட்டும் அனுப்பலாம்’ என்று வைத்துவிடுங்கள். மற்றது பேச்சுக்கு. இரண்டையும் ஒன்றாக வைத்திருந்தால், தண்ணீர் நிறுத்தம் பற்றிய செய்தி காலை வணக்கப் படங்களுக்கு நடுவே புதைந்துவிடும். தொல்லை தாங்காமல் சத்தத்தை அணைத்துவைத்தவர்கள் எதையுமே பார்க்க மாட்டார்கள். அறிவிப்புக் குழுவில் வாரத்துக்கு மூன்று நான்கு செய்திக்கு மேல் போகாதபடி காப்பாற்றுங்கள். குறைவாக வந்தால்தான் திறந்து பார்ப்பார்கள்.

ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் என்பது வேறு. அதில் 256 பேர்தான், அதுவும் உங்கள் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். சேமிக்காதவருக்குப் போகாது, போகவில்லை என்ற எச்சரிக்கையும் உங்களுக்கு வராது. ‘எனக்கு வரவேயில்லை’ என்று ஒருவர் சொன்னால் முதலில் இதைப் பாருங்கள். ‘மறையும் செய்திகள்’ அமைப்பு யாராலோ இயக்கப்பட்டிருந்தால் 24 மணி நேரத்திலோ, 7 நாளிலோ, 90 நாளிலோ பழைய அறிவிப்புகள் காணாமல் போகும். அறிவிப்புக் குழுவில் அதை அணைத்து, குழு அமைப்பை மாற்றும் உரிமையையும் அட்மின்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முக்கியமானவற்றை மேலே குத்திவைக்கலாம்: மூன்று செய்திகள் வரை, அதிகபட்சம் 30 நாட்கள்.

அழகாக வடிவமைத்த படத்தை மட்டும் அனுப்பி நிறுத்திவிடாதீர்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேட முடியாது, நகலெடுத்து மற்றவருக்கு அனுப்ப முடியாது, பார்வையற்றோரின் கைபேசி வாசித்துக் காட்டாமலும் போகலாம். படத்துக்குக் கீழே அதே விவரத்தைத் தட்டச்சு செய்து சேர்க்க ஒரு நிமிடம்தான் ஆகும். படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்காக 40 விநாடிக்குள் ஒரு குரல் பதிவும் போட்டால், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

குறுஞ்செய்தி அனுப்பும் சங்கங்கள் கவனிக்க வேண்டியது: தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 இடங்கள்தான். ஆங்கில எழுத்தில் 160. தமிழ்ச் செய்தி 70-ஐத் தாண்டினால் துண்டுக்கு 67 இடமாகப் பிரித்துக் கணக்காகும். நம் கண்ணுக்கு ‘கூட்டம்’ நான்கு எழுத்து. கைபேசிக்கோ க, ஊகாரக் குறி, ட, புள்ளி, ட, ம, புள்ளி என்று ஏழு இடம். ஆகவே 70 இடத்தில் ஏழெட்டுச் சொற்களுக்கு மேல் வராது. ‘பொதுக்கூட்டம் ஞாயிறு 20 செப் மாலை 5, சங்க அரங்கு’ என்ற அளவோடு நிறுத்த வேண்டும். விவரம் மற்ற வழிகளில் போகட்டும்.

மின்னஞ்சல் என்றால் எல்லா முகவரிகளையும் பிசிசி (Bcc) கட்டத்தில் போடுங்கள். ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

இத்தனை இருந்தும் அறிவிப்புப் பலகை தேவைதான். கைபேசி இல்லாத பெரியவர், போன வாரம் குடிவந்த வாடகைதாரர், எண்ணைக் கொடுக்க விரும்பாதவர் ஆகிய மூவருக்கும் அதுதான் சங்கம். நின்று படிக்க முடிகிற இடத்தில், நிழலில், கண் மட்டத்தில் வையுங்கள். எழுத்தின் உயரம் 3 மீட்டர் தூரத்துக்கு 2.5 செ.மீ. என்ற கணக்குக்குக் குறையக் கூடாது. தமிழில் சுழிகளும் கொம்புகளும் நெருக்கமாக இருப்பதால் சற்றுக் கூடவே வைத்தால் நல்லது. இங்க்ஜெட் அச்சு ஒரு சாரலில் கரையும். லேசர் அச்சு தாங்கும். வெயில் படும் பலகையில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும், கறுப்பு கடைசிவரை நிற்கும். தலைப்பைச் சிவப்பில் அடித்தால் ஒரு மாதத்தில் தலைப்பில்லாத தாளாகத் தொங்கும். ஒவ்வொரு தாளின் கீழ் மூலையிலும் ‘எடுக்க வேண்டிய நாள்’ என்று பென்சிலில் குறித்துவிடுங்கள். முடிந்துபோன நிகழ்ச்சிகள் தொங்கும் பலகையை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

கியூஆர் கோடு சேர்ப்பதானால் 2 செ.மீ.-க்குக் குறையக் கூடாது. அகலத்தைப் போலப் பத்து மடங்கு தூரத்திலிருந்து ஸ்கேன் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். 1 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 10 செ.மீ. அகலமுள்ள கியூஆர் கோடு வேண்டும். சுற்றி வெள்ளை ஓரம் விடாவிட்டால் பிடிக்காது. இலவசமாக ‘மாற்றத்தக்க கோடு’ தரும் சேவைகளில் சில, சோதனைக் காலம் முடிந்ததும் கோட்டைச் செத்துப்போக விடும். சுட்டியை நேரடியாகத் தன்னுள் வைத்திருக்கும் நிலையான கோடு போதும்.

போய்ச் சேர்ந்ததா என்று அறிய ஒரு எளிய சோதனை. முக்கியமான அறிவிப்பு அனுப்பிய மூன்றாம் நாள், வெவ்வேறு தெருக்களில் பத்து வீடுகளைத் தேர்ந்து கேளுங்கள்: செய்தி தெரியுமா, எதன் மூலம் தெரிந்தது? நண்பர்களின் வீடாகப் பார்த்துக் கேட்காதீர்கள். மூன்று வீட்டில் தெரியவில்லை என்றால் அந்த மூன்றும் எந்தத் தெரு, சொந்த வீடா வாடகையா என்று பாருங்கள். ஓட்டை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். அந்தத் தெருவுக்கு ஒரு ஆளை நியமித்தால் அடைபடும்.

அச்சு இதழ்

மாதம் ஒன்று வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒன்று, சொன்ன நாளில் வந்தால் போதும். மாதந்தோறும் என்று தொடங்கி நான்காவது இதழோடு நின்றுபோன சங்க இதழ்கள் ஏராளம்.

ஏ3 தாளை நடுவில் மடித்தால் நான்கு ஏ4 பக்கம். ஆகவே பக்க எண்ணிக்கை 4, 8, 12 என்று நான்கின் மடங்காகத்தான் வரும். ஒன்பது பக்கச் செய்தி சேர்ந்தால் ஒரு பக்கத்தை வெட்டுங்கள், மூன்று பக்கத்தை நிரப்ப அலையாதீர்கள். 12 புள்ளி அளவில், வரிகளுக்கிடையே ஒன்றரை இடைவெளி விட்டால் ஒரு ஏ4 பக்கத்தில் சுமார் 300 தமிழ்ச் சொற்கள் கொள்ளும். பெரியவர்கள் அதிகம் படிக்கும் இதழ் என்பதால் 12-க்குக் கீழே இறங்காதீர்கள். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று 5 கிராம், ஏ3 10 கிராம். எட்டுப் பக்க இதழ் 20 கிராம். 300 படிகள் 6 கிலோ. இதை ஒருவர் தலையில் கட்டாமல் 25 வீட்டுக்கு ஒருவர் என்று பன்னிரண்டு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு அரைக் கிலோ, அரை மணி நேர வேலை.

தமிழ் எழுத்து அச்சகத்தில் உடைவது பழைய கதை, இன்னும் தீரவில்லை. எல்லாக் கட்டுரைகளையும் யூனிகோடில் வாங்குங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டதை யூனிகோடுக்கு மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்தே ஆக வேண்டும், மாற்றியில் எழுத்துகள் விழும். வேர்டு கோப்பை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பாதீர்கள். அங்கே அந்த எழுத்துரு இல்லையென்றால் பக்க அமைப்பே குலையும். எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் அனுப்புங்கள். இன்டிசைன் மென்பொருளில் பக்கம் கட்டுபவர் ‘வேர்ல்டு ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘கெ’ என்பது ‘க’வும் தனிக் கொம்புமாகப் பிரியும். பக்கம் முழுக்க இப்படி இருந்தால் காரணம் இதுதான், எழுத்துருவைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

படம் 9 செ.மீ. அகலத்தில் அச்சாக வேண்டுமானால் சுமார் 1,060 பிக்சல் அகலம் வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிய படங்கள் தேறாது. வாட்ஸ்அப்பில் வாங்குவதென்றால் படமாக அல்லாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காமல் வரும். அப்படி வரும் கோப்பில் படம் எடுத்த இடமும் ஒட்டிக்கொண்டு வரலாம். இணையத்தில் போடும் முன் அதை நீக்கிவிடுங்கள்.

கட்டுரைகளுக்குக் கடைசி நாள், அச்சுக்குப் போகும் நாளுக்குப் பத்து நாள் முன்பு. கடைசிப் படியைத் திரையில் பார்ப்பதோடு விடாமல் தாளில் எடுத்து, இதுவரை அதைப் பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். அவர் செய்ய வேண்டியது இரண்டுதான்: ஒவ்வொரு தேதியையும் நாட்காட்டியோடு ஒப்பிடுவது, ஒவ்வொரு தொலைபேசி எண்ணையும் உண்மையாகவே அழைத்துப் பார்ப்பது. ஓர் இலக்கம் மாறிப்போனால் யாரென்றே தெரியாத ஒருவருக்கு மாதக்கணக்கில் அழைப்பு போய்க்கொண்டிருக்கும்.

எதை எழுதக் கூடாது

சந்தா பாக்கி வைத்தவர் பெயர்ப் பட்டியல் வேண்டாம். ‘மார்ச் முடிய 18 வீடுகள் செலுத்த வேண்டியிருக்கிறது’ என்ற எண் போதும். பெயர் போட்டால் பணம் வருவதை விடப் பகை வருவது விரைவு. திருட்டுச் செய்தியில் என்ன, எந்தத் தெரு, எந்த நேரம், காவல் துறையில் புகார் கொடுத்தாயிற்றா என்பவை மட்டும். யார் மீது சந்தேகம், அவர் எப்படி இருந்தார், எந்த வேலைக்கு வந்தவர் என்ற ஊகம் ஒரு வரிகூடக் கூடாது. அப்பாவி ஒருவரின் பிழைப்பே போய்விடும், சங்கமும் வழக்கில் சிக்கும். வெளியூர் போகிறவர்களை வாழ்த்தி வழியனுப்பும் செய்தி, வீடு பூட்டியிருக்கும் நாட்களை ஊருக்குச் சொல்லும் செய்தியும் ஆகும். திரும்பி வந்த பிறகு போடலாம். குழந்தைகள் படத்துக்குப் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம், மறைவுச் செய்திக்குக் குடும்பத்தாரின் ஒப்புதல்.

தவறு போய்விட்டால் திருத்தத்தைத் தவறு வந்த அதே இடத்தில், அதே அளவில் போடுங்கள். முதல் பக்கத்துத் தவறுக்கு எட்டாம் பக்க மூலையில் திருத்தம் போட்டால் அது திருத்தமாகாது.

நிகழ்ச்சி

நூறு பேர் அளவிலான நிகழ்ச்சிக்கு எட்டு வாரம் முன்பே வேலை தொடங்க வேண்டும். எட்டாம் வாரத்தில் இடமும் பொறுப்பாளரும். ஆறாம் வாரத்தில் அனுமதிகளுக்கு விண்ணப்பம்: தெருவை அடைப்பது, ஒலிபெருக்கி, கூடாரம் ஒவ்வொன்றுக்கும் உள்ளாட்சியிலும் காவல் துறையிலும் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கலாம். நான்காம் வாரத்தில் முதல் அறிவிப்பு, இரண்டாம் வாரத்தில் பெயர்ப் பதிவு, மூன்று நாள் முன்பு நினைவூட்டல், அன்று காலை ஒரு வரி. இதற்கு மேல் நினைவூட்டினால் எரிச்சல்தான்.

இடத்தின் கொள்ளளவை நீங்களே கணக்கிடுங்கள். நாற்காலி போட்ட கூட்டத்துக்கு, நடைபாதையையும் சேர்த்து ஆளுக்கு 1 சதுர மீட்டர். 10-க்கு 12 மீட்டர் அரங்கில் மேடைக்கும் நுழைவுக்கும் 30 சதுர மீட்டர் போனால் 90 நாற்காலி. அரங்கின் வாசலில் எழுதியிருக்கும் அதிகபட்ச எண் இதை விடக் குறைவாக இருந்தால் அதுதான் எல்லை. நின்று பார்க்கும் கூட்டத்தில் ஒரு சதுர மீட்டருக்கு நான்கு பேரைத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. மேடைக்கு முன்னாலும் வாசலிலும்தான் இப்படி நெருக்கும். வாசலில் பதிவு மேசை போடுவதே பல இடங்களில் நெரிசலுக்குக் காரணம். மேசையை 5 மீட்டர் உள்ளே தள்ளுங்கள், வரிசை உள்ளே நிற்கட்டும். வெளியேறும் வழி எதையும் நாற்காலியோ பேனரோ மறைக்கக் கூடாது.

மின்சாரத்தில் விபத்து நடப்பது கவனக்குறைவால்தான், ஆகையால் கணக்கை எழுதியே பாருங்கள். எல்லாக் கருவிகளின் வாட்டையும் கூட்டி வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 230 வோல்ட்டில் 2,300 வாட் என்றால் 10 ஆம்பியர். 115 வோல்ட் உள்ள நாடுகளில் அதே சுமைக்கு 20 ஆம்பியர். சூடாக்கும் கருவிகளை ஒலி அமைப்போடு ஒரே வரியில் மாட்டினால், முக்கியமான பேச்சின் நடுவே மின்சாரம் விழும். சுருளில் சுற்றிய எக்ஸ்டென்ஷன் கேபிளை முழுவதும் அவிழ்த்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். சுற்றியபடியே அதிகச் சுமை ஏற்றினால் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும். நடைபாதையைக் கடக்கும் கேபிளை ஒட்டுநாடாவால் முழு நீளமும் ஒட்டிவிடுங்கள்.

ஒலிபெருக்கி வீறிடுவதற்குக் காரணம், மைக் ஒலிபெருக்கியின் முன்னால் இருப்பது. ஒலிபெருக்கிகள் பேச்சாளருக்கு முன்னால், கூட்டத்தை நோக்கி இருக்க வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். அதனால் கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்று ஒரே பெட்டியைக் கத்தவிடாமல், நடுவில் இன்னொரு சிறு பெட்டி வையுங்கள். முன்வரிசைக்காரர்களின் காதும் அடுத்த தெருவின் அமைதியும் தப்பும். நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு கடைசி நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் கேட்டுச் சொல்ல வேண்டும்.

முதலுதவிப் பெட்டி எங்கே, அவசர ஊர்தி எந்த வழியாக வரும், அதை நிறுத்தியிருக்கும் வண்டிகள் மறிக்காமல் யார் பார்ப்பது: இந்த மூன்று கேள்விக்கும் மூன்று பெயர்கள் தாளில் இருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்குப் படியில்லாத வழி இருந்தால், அது எந்த வாசல் என்று அறிவிப்பிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால், வழியே இல்லை என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிடுவார்.

தள்ளிவைப்பதும் ரத்தும்

மழை வந்தால் என்ன என்பதை முன்பே முடிவு செய்துவையுங்கள்: யார் முடிவெடுப்பார், எத்தனை மணிக்கு, எந்த வழியாக அறிவிப்பார். ‘காலை 6 மணிக்கு அறிவிப்புக் குழுவிலும் பலகையிலும்’ என்று முதல் அறிவிப்பிலேயே இருந்தால், 6 மணி வரை யாரும் அழைக்க மாட்டார்கள்.

தேதி மாறினால் பழைய செய்தியைச் சத்தமில்லாமல் திருத்தாதீர்கள். பார்த்தவர்கள் பழைய தேதியோடு போயிருப்பார்கள். ‘மாற்றம்’ என்று தொடங்கும் புதிய செய்தி வேண்டும்: “மாற்றம். மரம் நடுதல் 14 ஜூன் ஞாயிறு நடக்காது. 21 ஜூன் ஞாயிறு காலை 7 மணிக்கு, அதே இடம். காரணம்: கனமழை எச்சரிக்கை.” முதலில் நாட்காட்டி, பிறகு அறிவிப்புக் குழு, பலகை, கடைசியாக ஒட்டியிருக்கும் சுவரொட்டிகள் என்ற வரிசையில் மாற்றுங்கள். எங்கெங்கே எத்தனை சுவரொட்டி ஒட்டினோம் என்ற பட்டியல் இல்லாவிட்டால் ஒன்றாவது பழைய தேதியோடு நிற்கும், அதைப் பார்த்து ஒருவராவது வருவார். அதற்காகவே அன்று அந்த இடத்தில் பழைய நேரத்துக்கு ஒருவர் போய் நிற்க வேண்டும்.

முடிந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் 200 சொல்லில் செய்தி, மூன்று படங்கள், வரவு செலவு ஒரு பத்தி. வந்தவர் எண்ணிக்கையைத் தோராயமாகச் சொல்லாமல், தொடங்கி அரை மணியில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, முடிவதற்குச் சற்று முன் ஒருமுறை எண்ணி, மூன்றில் பெரியதை எழுதுங்கள். அடுத்த ஆண்டு நாற்காலி வாடகைக்கு எடுப்பவருக்கு அந்த எண்தான் வேண்டும். நடந்தது பொதுக்கூட்டமோ செயற்குழுக் கூட்டமோ என்றால், தீர்மானத்தின் சரியான வாசகம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஆதரவும் எதிர்ப்புமாக விழுந்த வாக்குகள் நான்கும் நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும். யார் என்ன சொல்லிச் சண்டையிட்டார் என்பது வேண்டாம்.

சுவரொட்டிகளை 48 மணி நேரத்துக்குள் இறக்குங்கள். பொறுப்பாளரிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து, எது தீர்ந்துபோனது, எது மிஞ்சியது, எந்த அனுமதி எத்தனை நாளில் கிடைத்தது என்று கேட்டு எழுதி, அந்தத் தாளை அடுத்த ஆண்டு நாட்காட்டியில் அந்நிகழ்ச்சிக்கு எட்டு வாரம் முன்பு வரும் தேதியோடு இணைத்துவிடுங்கள். நிலைக் கட்டத்தில் ‘யோசனை’ என்று இருக்கட்டும்.